சத்திரமும் குத்தகையும்: சேதுக்கரையில் பொதுச்சொத்தும் பசியாற்றும் அறமும்

பொருளும் வரம்பும்

நகராட்சியோ ஊராட்சி ஒன்றியமோ தன் பொறுப்பிலுள்ள நிலத்தையும் கட்டடத்தையும், ஆதாயம் கருதாது பசித்தவர்க்கு உணவளிக்கும் ஓர் அமைப்பிடம் குறைந்த வாடகைக்குக் குறித்த காலத்திற்கு ஒப்படைக்கலாமா, ஒப்படைத்தால் எந்த நிபந்தனைகளோடு ஒப்படைக்க வேண்டும் என்பதே இவ்வுரை எடுத்துக்கொள்ளும் வினா. உலகின் பல நகரங்களில் இவ்வகை ஒப்படைப்பு ‘உணவு வங்கி’ எனப்படும் அமைப்பை ஒட்டி நிகழ்கிறது. விளைநிலம், சந்தை, உணவு விடுதி, திருமண மண்டபம் ஆகியவற்றில் மிஞ்சும் நல்ல உணவையும் கொடையாளர் தரும் அரிசி, பருப்பு முதலியவற்றையும் ஓரிடத்தில் திரட்டி, தரம் பார்த்து, கெடாமல் காத்து, தேவையுள்ள குடும்பங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் சமுதாயச் சமையற்கூடங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் இருப்பு நிலையமே உணவு வங்கி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் 1967-இல் தொடங்கிய புனித மேரி உணவு வங்கி இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. அதற்கு முதலில் கிடைத்த உதவிகளுள் ஒன்று, அவ்வூர்த் தேவாலயம் ஒப்படைத்த, பயனற்றுக் கிடந்த பழைய ரொட்டிக்கூடம். உணவைத் திரட்ட மனிதர் முன்வந்தாலும், அதை வைத்துக் காக்க ஓரிடம் இல்லாவிட்டால் முயற்சி ஒரு கிழமைகூட நில்லாது என்பதை அத்தொடக்கமே காட்டுகிறது.

இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரைக்கு இந்த வினா அயலானது அன்று. பொதுவுடைமையின் ஒரு பகுதியை வழிப்போக்கரின் பசிக்கென்று ஒதுக்கி வைப்பது இந்நிலத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருந்தது. அதற்குச் சத்திரம் என்று பெயர். அச்சத்திரங்கள் எவ்வாறு எழுந்தன, எவ்வாறு நடந்தன, எக்காரணங்களால் அவற்றின் அடுப்புகள் அணைந்தன என்பதைக் கண்டால்தான், இன்று ஒரு நகராட்சி எழுதும் குத்தகை ஆவணத்தில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பது தெளிவாகும். நிலைத்த கொடையாக என்றென்றைக்கும் கொடுத்துவிடுவதைக் காட்டிலும், நோக்கத்தைத் தெளிவாக எழுதிக் குறித்த காலத்திற்குக் கொடுத்து, காலம் முடியும்தோறும் கணக்குக் கேட்டுப் புதுப்பிக்கும் குத்தகையே பசித்தவரின் உரிமையை நன்கு காக்கும் என்பது இவ்வுரை நிறுவ முயலும் கருத்து.

சேதுவழியும் அன்னசத்திரங்களும்

அரசுக்குரிய இடத்தை அன்னத்திற்கு மாற்றும் எண்ணம் தமிழ் மரபில் காப்பியக் காலத்திலேயே வேர் கொண்டது. அமுதசுரபியை ஏந்திய மணிமேகலையிடம் அவள் விருப்பம் யாதெனச் சோழமன்னன் வினவியபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்கித் தருமாறு அவள் வேண்டினாள் என்றும் மன்னன் இசைந்தான் என்றும் மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் கையில் இருந்தும், அதை வைத்து அறம் நடத்துவதற்கு அரசின் கட்டடம் ஒன்று அவளுக்குத் தேவைப்பட்டது என்பது இவ்வுரையின் பொருளுக்கு நெருக்கமான செய்தி.

இவ்வெண்ணத்திற்கு வரலாற்றில் விரிந்த வடிவம் தந்தவர்களுள் இராமநாதபுரம் சேதுபதி மன்னர்கள் முன்வரிசையில் நிற்பவர்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கரின் ஒப்புதலோடு நிலைபெற்ற அவர்களது ஆட்சி 1795-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவிநீக்கிச் சிறைப்படுத்தும் வரை நீடித்தது. இராமேசுவரத்தை ஒட்டிய சேதுவுக்குக் காவலர் என்பதே அவர்களது பட்டத்தின் பொருளாதலால், காசியிலிருந்தும் தெற்கின் பல நாடுகளிலிருந்தும் இராமேசுவரம் நோக்கி நடந்து வந்த பயணிகளைக் காப்பது அவர்களது அரசுக் கடமையாயிற்று. மணலும் உவர்நிலமும் கருவேலங்காடும் மாறி மாறி வரும் அவ்வழியில் குடிநீரே அரிது. நிழல் அதனினும் அரிது. ஒரு நாள் நடைக்கு ஒரு தங்குமிடம் என்ற அளவில் வழிநெடுகச் சத்திரங்கள் எழுப்பப்பட்டதற்கு இந்த நிலவியல்பே காரணம்.

அச்சத்திரங்களின் அமைப்பைச் சேதுபதிகளின் செப்பேடுகள் விளக்குகின்றன; டாக்டர் எஸ். எம். கமால் அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்த பணி இத்துறையில் பெரும் பயன் விளைத்தது. ஒரு சத்திரத்தை நிறுவும்போது மன்னர் கட்டடத்தோடு நில்லாமல், அதன் அன்றாடச் செலவுக்கென ஊர்களைச் சர்வமானியமாக, அதாவது அரசுக்குரிய வரிகளெல்லாம் நீக்கப்பட்ட கொடையாக, எழுதி வைத்தார். அவ்வூர்களில் விளைந்த நெல்லும் வரவும் சத்திரத்து மடைப்பள்ளிக்கு வந்தன. அதை நடத்தும் பொறுப்பு குறித்த ஒருவரிடம் இருந்தது. அவருக்கு மேல் அரசின் பார்வை இருந்தது. எனவே சத்திரம் என்பது இடம், வருவாய், மேற்பார்வை என்ற மூன்றும் ஒரு நோக்கத்தோடு பிணைக்கப்பட்ட ஏற்பாடு. இம்மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் மற்ற இரண்டும் நிற்க மாட்டா.

சேதுவழியின் வடபகுதியில் இதே பணியைத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் செய்தனர். ஒரத்தநாட்டில் 1802-இல் இரண்டாம் சரபோசி மன்னர் நிறுவிய முத்தாம்பாள் சத்திரமும், இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்ட சேதுபாவாசத்திரமும் அதன் சான்றுகள். நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் இழந்த பின்னர், சத்திரங்களையேனும் தம் பொறுப்பில் விட்டுவைக்குமாறு 1801-இல் தஞ்சை ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்குச் சரபோசி எழுதிய கடிதம் இந்திய அறநிலைய வரலாற்றில் சிறப்பிடம் பெறத்தக்கது. சாதி வேறுபாடின்றி வருவோர் அனைவருக்கும் சோறு வழங்கப்படும் என்றும், சமைத்த உணவை ஏற்காதவர்க்கு அரிசியும் பிற பண்டங்களும் தரப்படும் என்றும், நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வருமாறு அழைக்கப்படும் என்றும், நோயுற்று மேற்கொண்டு நடக்க இயலாதவர்க்கு மருத்துவம் உண்டு என்றும் மன்னர் அதில் விளக்குகிறார். யார் உண்ணலாம், எது வழங்கப்படும், எந்நேரம் வரை வழங்கப்படும் என்பவற்றை வரையறுத்துச் சொல்லும் அக்கடிதத்தைப் பொதுச்சொத்தில் நடக்கும் ஓர் உணவுப் பணியின் நடைமுறை விதிகளாகவே படிக்கலாம்.

மன்னர்கள் மட்டுமே இதைச் செய்தனர் என்பதும் இல்லை. கிழவன் சேதுபதியின் காலத்தவராகிய கீழக்கரை வள்ளல் சீதக்காதி பஞ்சக் காலத்தில் நெல்லைத் திறந்துவிட்ட செய்தி இக்கடற்கரையின் நினைவில் இன்றும் அழியாதிருக்கிறது. இராமேசுவரத்தில் நகரத்தார் முதலிய வணிகச் சமூகங்கள் தம் பொருளில் சத்திரங்கள் கட்டின. இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வையும் வழிவழிச் செய்தி சொல்கிறது. பாம்பன் நீர்வழியைக் கடக்கும் பயணிகளிடம் கட்டணம் பிரித்த தம் மருமகனுக்கு விசயரகுநாத சேதுபதி மரண தண்டனை விதித்தார் என்றும், அவருடன் உயிர்நீத்த மன்னரின் மகளிர் இருவர் நினைவாகவே அக்காள்மடமும் தங்கச்சிமடமும் எழுந்தன என்றும் மக்கள் கூறுவர். அச்செய்தியின் வரலாற்றுத் துல்லியம் எவ்வாறாயினும், பயணிக்குரிய பொதுவழியைத் தன் ஆதாயத்திற்குப் பயன்படுத்துவதைப் பெருங்குற்றமாகக் கருதிய ஒரு சமூகத்தின் மனச்சான்று அதில் பதிந்துள்ளது.

அடுப்பு அணைந்த வரலாறு

செப்பேடுகள் கொடையைச் சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிலைக்குமாறு எழுதின. அதற்குக் கேடு செய்பவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவார் என்ற வகையில் அமைந்த காப்புரையோடு முடிந்தன. மறுமை அச்சமே அக்காலத்துக் கொடைக்குக் கடைசிக் காவல். ஆட்சி மாறி, நிலத்திற்கு விலையேறி, நடத்துநரின் வழிமுறையினர் கொடையைத் தம் குடும்பச் சொத்தாக எண்ணத் தொடங்கியபோது அக்காவல் போதாமற் போயிற்று. கோயில், மசூதி, கல்லூரி, பாலம், சத்திரம் முதலியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களின் வருமானம் தனியார் பயனுக்குத் திரும்புகிறது என்ற காரணத்தைக் கூறியே சென்னை மாகாண அரசு 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, அவ்வறக்கொடைகளின் பொது மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. 1863-ஆம் ஆண்டின் இருபதாவது சட்டத்தால் சமய நிறுவனங்கள் அம்மேற்பார்வையினின்று விலக்கப்பட்டன. சத்திரங்கள் பொதுநல அறக்கொடைகளாக அரசின் பார்வையிலேயே தொடர்ந்தன. 1884-ஆம் ஆண்டின் உள்ளாட்சிக் கழகச் சட்டத்திற்குப் பின்னர் பல சத்திரங்களின் நிர்வாகம், மக்கள் வழக்கில் ஜில்லா போர்டு எனப்பட்ட மாவட்டக் கழகங்களுக்கும் வட்டக் கழகங்களுக்கும் சென்றது.

இந்த மாற்றம் சத்திர நிலங்களை முழு அழிவிலிருந்து ஓரளவு காத்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அதன் உள்ளே ஒரு பிரிவினை நிகழ்ந்தது. நிலத்தின் வருவாய் ஒரு கணக்கிலும், சத்திரத்தின் செலவு மற்றொரு கணக்கிலும் எழுதப்பட்டன. சிக்கனம் கருதும் அதிகாரிக்கு முன்னதைக் கூட்டுவதும் பின்னதைக் குறைப்பதும் கடமையாகத் தோன்றின. அதே காலத்தில் பயணத்தின் இயல்பும் மாறிற்று. 1902-இல் மதுரையிலிருந்து மண்டபத்திற்கு இரயில்பாதை வந்தது. 1914 பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. நாள்கணக்கில் நடந்து கடந்த சேதுவழியைப் பயணி ஒரே இரவில் கடந்தபோது, இடைவழிச் சத்திரங்களில் உண்ண வருவோர் குறைந்தனர். 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களும் நிலவுரிமையைச் சீர்திருத்தின. உழுதவர்க்கு அவை நீதி செய்தன. அதனோடு, ஊர்களின் வருவாயால் வாழ்ந்த அறங்கள் பலவற்றின் பொருளடிப்படையும் மாறிப்போயிற்று. மாவட்டக் கழகங்கள் மறைந்து, 1958-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்கீழ் ஊராட்சி ஒன்றியங்கள் உருவானபோது, சத்திரக் கட்டடங்கள் மீண்டும் கைமாறின.

இதன் முடிவில் எஞ்சியவற்றுள் பல, அலுவலகமாகவோ பள்ளியாகவோ வாடகைக் கடையாகவோ இடிந்த சுவராகவோ மாறின. இவ்விழப்பில் தீய நோக்கத்தோடு செயல்பட்டவர் எவரும் இருந்தாக வேண்டும் என்பதில்லை. இரயில் வந்தது நன்மை, நிலச்சீர்திருத்தம் நன்மை, மக்களாட்சி அமைப்புகள் வளர்ந்தது பெருநன்மை. ஆயினும் ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் கட்டடத்தின் அளவும் நிலத்தின் எல்லையும் பதிவேட்டில் ஏற, ‘இவ்விடம் பசித்தவருக்கு உரியது’ என்ற நோக்கம் மட்டும் பதிவேட்டிலிருந்து நழுவிற்று. உணவு நின்ற நாளை எவரும் குறித்து வைக்காததற்குக் காரணம், அந்நாளில் எவரும் கணக்குக் கேட்கக் கடமைப்பட்டிருக்கவில்லை என்பதே.

இன்றைய கடற்கரையின் பசி

சத்திரத்தின் காலம் முடிந்தது என்பதால் பசியின் காலம் முடிந்துவிடவில்லை. பசித்தவர் யார் என்பது மாறியிருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோராண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்வளம் பெருக அது இன்றியமையாதது. அரசும் நிவாரணத் தொகை வழங்குகிறது. ஆனால் விசைப்படகில் கூலிக்குச் செல்பவர், கரையில் மீன் தரம் பிரிக்கும் பெண்கள், ஐஸ் சுமப்பவர், வலை பின்னுபவர் ஆகியோரின் அன்றாட வரவு அந்த இரண்டு மாதங்களில் ஒடுங்கிவிடுகிறது. பாம்பன், மண்டபம் பகுதிகளில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் வருவாய் காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்தது. 1986-இல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின்னர் அவர்கள் பாசி எடுத்துவந்த தீவுகளும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. உள்நாட்டில் மழை பொய்த்த ஆண்டுகளில் முதுகுளத்தூர், கமுதி வட்டாரங்களின் மானாவாரி விவசாயிகள் கரிமூட்டத்தையும் வெளியூர்க் கூலியையும் நம்புகின்றனர்; வீட்டில் எஞ்சுபவர் முதியவரும் குழந்தைகளும். 1983-க்குப் பின் கடல்கடந்து வந்த ஈழத்தமிழர்க்குப் புகலிடமாகிய மண்டபம் முகாம், அதற்கு முன்னர் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரை நிறுத்தி வைத்த தொற்றுத் தடுப்பு முகாம். 2022-இல் இலங்கையின் பொருளாதார வீழ்ச்சியால் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கிய குடும்பங்களும் அங்கேயே தங்க வைக்கப்பட்டன. இவர்களோடு, இராமேசுவரம் கோயில் வீதிகளில் உறவற்று வாழும் முதியவர் பலர்.

தமிழ்நாட்டில் உணவுக்கான அரசு ஏற்பாடுகள் நாட்டிற்கே முன்மாதிரியாக அமைந்தவை. சென்னை மாநகராட்சி நீதிக்கட்சிக் காலத்தில் ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, காமராசர் 1956-இல் விரித்த திட்டம், எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவு என அதன் வரிசை நீள்கிறது. அரிசி அட்டைதாரர்க்கு 2011 முதல் விலையில்லா அரிசி வழங்கப்படுகிறது. 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்கள், உள்ளாட்சியின் சொந்த இடத்தில், மகளிர் சுயஉதவிக் குழுவினரின் உழைப்பில், ஒரு ரூபாய்க்கு இட்லி தந்தன. கோயில்களில் 2002 முதல் அன்னதானத் திட்டம் நடக்கிறது. இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலில் நாள்முழுதும் அன்னதானம் வழங்கப்படுகிறது.

உணவு பெறுவது குடிமக்களின் உரிமை. அரசின் கடமையை அறக்கட்டளைகளின் தோளுக்கு மாற்றுவது தவறு. எனினும் குடும்ப அட்டை இல்லாதவர், அட்டை வேறூரில் உள்ளவர், அரிசி கிடைத்தும் பருப்பும் எண்ணெயும் வாங்க இயலாதவர், கோயில் வரை நடக்க இயலாத நோயாளர், புயலும் கடற்சீற்றமும் வந்த கிழமையில் கூலி இழந்தவர் ஆகியோரின் பசி, அட்டவணையிட்ட திட்டங்களுக்கு இடைப்பட்ட பசி. மற்றொரு புறம், தை, ஆடி அமாவாசை நாள்களில் பெருங்கூட்டத்தை எதிர்பார்த்துச் சமைக்கும் விடுதிகளிலும், முகூர்த்த நாள்களில் மண்டபங்களிலும் நல்ல உணவு மிஞ்சுகிறது. இவ்விரண்டையும் இணைக்க வேண்டுமானால் சமையற்கூடம், குளிர்காப்பு அறை, ஈரம் ஏறாத தானியக் கிடங்கு, வண்டி நிற்குமிடம் ஆகியன தேவை. உப்புக்காற்றும் ஈரப்பதமும் மிக்க கடற்கரையில் அரிசி விரைவில் வண்டு பிடிக்கும். பருப்பு பூசணம் பூக்கும். சந்தை வாடகையில் இத்தகைய இடத்தை ஓர் அறக்கட்டளை எடுத்தால், கொடையாகத் திரளும் பொருளில் பெரும்பங்கு வாடகைக்கே சென்றுவிடும். நகராட்சியிடமோ பயன்பாடின்றிப் பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் இருக்கக்கூடும். குத்தகை என்ற ஏற்பாட்டுக்கு இங்கேதான் தேவை பிறக்கிறது.

குத்தகையின் சட்டமும் அரசின் நடுவுநிலையும்

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 105-ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையைக் குறித்த காலத்திற்கு, விலைக்கோ வாடகைக்கோ, மற்றொருவர்க்கு மாற்றித் தருவது குத்தகை. சொத்தின் மீது உரிமை எதனையும் மாற்றாமல், ஒரு செயலை அங்கே செய்துகொள்ள இசைவு மட்டும் தருவது உரிமம். அதனை அதே ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 52-ஆம் பிரிவில் வரையறுக்கிறது. உரிமம் எளிதில் திரும்பப் பெறத்தக்கது. ஆதலால் குளிர்காப்பு அறைக்கும் சமையற்கருவிக்கும் பெரும்பொருள் முதலிடும் அமைப்பு அதை நம்பி இறங்கத் தயங்கும். குத்தகை அந்த உறுதியைத் தருகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டியதாதலால், அதன் நிபந்தனைகள் எவரும் படித்தறியத்தக்க பொது ஆவணமாகவும் ஆகின்றன. செப்பேட்டின் இடத்தைப் பதிவு அலுவலகப் படி பெற்றிருக்கிறது எனலாம்.

யாருக்குக் கொடுப்பது என்பது அடுத்த வினா. நல்ல நோக்கம் கொண்டது என்பதற்காக ஓர் அமைப்பைத் தேடிப்பிடித்துப் பொதுநிலத்தைக் கொடுத்துவிட அரசுக்கு அதிகாரம் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இல் அகில பாரதிய உபபோக்தா காங்கிரஸ் என்னும் அமைப்பு மத்தியப் பிரதேச அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் தெளிவுபடுத்தியது. போபாலில் ஒரு நினைவு அறக்கட்டளைக்கு, வேறெவர்க்கும் வாய்ப்பளிக்கும் அறிவிப்பு எதுவுமின்றி, 20 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டதை நீதிமன்றம் நீக்கியது. பொதுச்சொத்தை வழங்கும்போது வெளிப்படையான முறையும் அனைவர்க்கும் சமவாய்ப்பும் இருத்தல் வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவிலிருந்து பிறக்கும் கடமை என்றது. அறம் செய்வோருக்கிடையிலும் அரசு நடுவுநிலை தவறலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தமிழ்நாட்டில் இப்பொருளுக்கு மிக நெருங்கிய அண்மைக்கால நிகழ்வு சென்னையில் நடந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்சய பாத்திரா அறக்கட்டளை, மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்குக் காலை உணவு வழங்கும் பொருட்டு, மாநகராட்சி அளித்த கிரீம்ஸ் சாலை இடத்தில் மையச் சமையற்கூடம் அமைக்க 2020 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சரும் ஆளுநரும் கலந்துகொண்ட விழாவில் அடிக்கல் நாட்டப்பட்டது. வெங்காயமும் பூண்டும் தவிர்க்கும் அவ்வமைப்பின் உணவுமுறை தமிழ்க் குழந்தைகளின் உணவுப் பழக்கத்திற்கு ஏற்றதா என்ற விவாதம் பொதுவெளியில் வலுவாக எழுந்தது; பின்னர் அரசே மகளிர் குழுக்களைக் கொண்டு காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அறக்கட்டளையின் தொண்டுள்ளத்தை ஐயுறாமலே இந்நிகழ்விலிருந்து ஒரு பாடத்தைப் பெறலாம். பொதுச்சொத்தில் சமைக்கப்படும் உணவின் வகையை யார் முடிவு செய்வது என்பதை இடம் கொடுப்பதற்கு முன்னரே பேசி எழுதிவிட வேண்டும். கொடுத்த பின்னர் எழும் கேள்வி உணவையே சர்ச்சைக்குள் இழுத்துவிடுகிறது.

ஆவணத்தில் எழுதப்பட வேண்டியவை

மேற்கண்ட வரலாற்றையும் சட்டத்தையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், இராமநாதபுரம் அல்லது இராமேசுவரம் நகராட்சி, அல்லது மண்டபம் போன்ற ஊராட்சி ஒன்றியம், இத்தகைய குத்தகை ஒன்றை எழுதும்போது கருத வேண்டியவை சில தெளிவாகின்றன.

முதலாவது, நோக்கம். கட்டடத்தின் அளவையும் எல்லையையும் எழுதுவதற்கு முன்பாக, அது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை ஆவணத்தின் முதற்பத்தியே கூற வேண்டும். அந்நோக்கம் குறித்த காலத்திற்கு மேல் நிறைவேறாது நின்றால் சொத்து வழக்கின்றி நகராட்சிக்குத் திரும்ப வேண்டும். உள்வாடகைக்கு விடுதல் எந்நிலையிலும் கூடாது. நகராட்சியின் எல்லையோ பெயரோ மாறினாலும் நோக்கம் அடுத்த பதிவேட்டிற்குத் தவறாமல் ஏற வேண்டும். சத்திரங்கள் இழந்தது இதைத்தான்.

இரண்டாவது, காலம். முதலிட்ட கருவிகள் பயன் தரத்தக்க அளவுக்கு நீண்டதாகவும், ஒரு தலைமுறை முழுவதும் கேள்வியின்றிக் கழிந்துவிடாத அளவுக்குக் குறுகியதாகவும் அது அமைதல் வேண்டும். புதுப்பித்தல் தானாக நிகழாமல், மன்றக் கூட்டத்தில் கணக்கைப் படித்து, வாக்கெடுத்து நிகழ வேண்டும். நன்றாக நடத்தும் அமைப்புக்கு இதில் அஞ்சுவதற்கு எதுவும் இல்லை. அதன் பணி ஊர் முழுவதும் அறியப்படும் வாய்ப்பே அது.

மூன்றாவது, வாடகை. பெயரளவு வாடகை வாங்கும் நகராட்சி, சந்தை நிலவரப்படி கிடைத்திருக்கக்கூடிய வாடகையை ஆண்டுதோறும் மதிப்பிட்டு, அதைத் தன் வரவுசெலவுத் திட்டத்தில் உணவுக்கான மானியம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். குப்பை அள்ளவும் குடிநீர் தரவும் பொருள் போதாமல் திணறும் சிறு நகராட்சி வருமானத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற மறுப்பு நேர்மையானது. அதற்கு விடை மறைப்பில் இல்லை. எவ்வளவு விட்டுக்கொடுக்கப்பட்டது, அதனால் எத்தனை பேர் உண்டனர் என்ற இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டும்போது, வரி செலுத்தும் மக்களே அது தகுந்த செலவா என்று தீர்மானிக்கலாம். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தின் வாடகை இழப்பு உண்மையில் மிகச் சிறிது. அது பழுதுபடுவதால் நேரும் இழப்பே பெரிது.

நான்காவது, உண்போரின் உரிமை. சாதி, மதம், மொழி, நாடு, அட்டை எதுவும் கேட்கப்படாது என்ற உறுதி ஆவணத்தில் இருத்தல் வேண்டும். இந்து, இசுலாமியர், கிறித்தவர் அடுத்தடுத்து வாழும் இக்கடற்கரையில், ஒரு சமயத்தாரின் உணவுவிதி பிறர்க்குச் சுமையாகாத பொது உணவுமுறையை, உண்போரின் பிரதிநிதிகளையும் சேர்த்த குழு வகுக்க வேண்டும். உணவு வழங்குமிடத்தில் சமயப் பரப்புரையும் கட்சிக் கொடியும் கொடையாளர் படமும் கூடாது. ஏற்பவரின் முகத்தைப் படமெடுத்து வெளியிடுவதும் கூடாது. 1897 ஜனவரியில் பாம்பனில் வந்திறங்கிய விவேகானந்தர், இராமநாதபுரம் ஜமீன்தாராகிய பாஸ்கர சேதுபதி உடனிருக்க, இராமேசுவரம் கோயிலில் ஆற்றிய உரையில் ஏழையரிடத்தும் நோயாளரிடத்தும் இறைவனைக் காண்பதே மெய்யான வழிபாடு என்றார்; மறுநாள் ஆயிரக்கணக்கான ஏழையர்க்கு உணவும் உடையும் சேதுபதியால் வழங்கப்பட்டன. அவ்வுரையின் கருத்தை ஏற்பவர்க்கு, உண்ண வருபவரின் மானம் காப்பது உணவளிப்பதன் பிரிக்கவியலாத பகுதியாகும்.

ஐந்தாவது, மேற்பார்வை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் மிஞ்சிய உணவை மீட்டுப் பகிர்வது குறித்து ஒழுங்குமுறைகளை வெளியிட்டுள்ளது. பதிவு, தரம் பிரித்தல், காலாவதிக்கு முன் வழங்குதல், பதிவேடு பேணுதல் ஆகியவற்றை அவை கோருகின்றன. குத்தகை ஆவணம் அவற்றைத் தன் நிபந்தனையாகவே ஏற்க வேண்டும். ஆண்டுத் தணிக்கையும் முன்னறிவிப்பற்ற ஆய்வும் அதில் இடம்பெற வேண்டும். நல்லெண்ணத்தை நம்பி ஆய்வைக் கைவிடுவதன் விலை என்ன என்பதை இம்மாவட்டம் ஆறாத் துயரத்தோடு அறியும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில், மனநலம் குன்றியோரைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி உயிரிழந்தனர். புகலிடம் தேடி வருவோர் எதிர்த்துக் கேட்கும் வலிமையற்றவர். ஆதலால் அவர்களுக்காகக் கேட்கும் கடமை அரசினுடையது. அக்கடமையைக் குத்தகைதாரரிடம் அவநம்பிக்கை கொள்வதாக எவரும் கருத வேண்டியதில்லை.

ஆறாவது, இடர்க்காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் பாம்பன் பாலம் சிதைந்து தீவு நிலத்தொடர்பை இழந்தது. 1988 முதல் சாலைப்பாலமும், 2025 ஏப்ரல் முதல் புதிய இரயில் பாலமும் இருந்தாலும், பெருங்காற்று வீசும் நாள்களில் போக்குவரத்து நின்றுவிடும் தீவு அது. எனவே தீவுக்குள் அமையும் உணவு வங்கி எப்போதும் குறித்த அளவு தானியத்தை இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்றும், பேரிடர் அறிவிக்கப்பட்டால் அக்கிடங்கு மாவட்ட ஆட்சியரின் ஆணைக்குட்படும் என்றும் ஆவணத்தில் எழுதுவது, இக்கடற்கரைக்கே உரிய நிபந்தனையாகும்.

நிறைவு

சேதுபதிகளின் கொடை பெருந்தன்மையால் உயர்ந்தது. அதன் காலவரையற்ற தன்மை அதற்குப் புகழையும் சேர்த்தது, பலவீனத்தையும் சேர்த்தது. நிலைத்த கொடையில் கொடுத்தவர் மறைந்த பின் கேட்பார் இல்லை. மக்களாட்சியில் கொடுப்பவர் மறைவதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும் மன்றத்தின் உருவில் மக்களே கொடுப்பவராக நீடிக்கின்றனர். ஆகவே, குறித்த காலத்திற்குக் கொடுத்துக் கணக்குக் கேட்டு மீண்டும் கொடுப்பது, கொடையைச் சுருக்குவதாகத் தோன்றினும், உண்மையில் ஒவ்வொரு தலைமுறையும் அவ்வறத்தைத் தன் அறமாக ஏற்கச் செய்கிறது. பாட்டனார் செய்த தருமத்தின் பெருமையில் வாழாமல், தாமே அதைச் செய்ய முடிவெடுக்கும் வாய்ப்பு ஒவ்வொரு நகர்மன்றத்துக்கும் அதனால் கிடைக்கிறது.

இதற்கு முதற்படியாக இம்மாவட்டத்தின் ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் பெயரிலுள்ள பழைய சத்திரக் கட்டடங்களையும், பயன்பாடின்றிப் பூட்டியுள்ள கிடங்குகளையும், அவை முதலில் எந்நோக்கத்திற்கு வந்தவை என்ற குறிப்போடு பட்டியலிட்டு வெளியிடலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. பதிவேடுகளைப் புரட்டும் உழைப்பும், ஒரு மன்றத் தீர்மானமும் போதும். அப்பட்டியலில் அன்னத்திற்கென்று எழுதி வைக்கப்பட்ட இடம் ஒன்றேனும் எஞ்சியிருந்தால், அதை வெளிப்படையான அறிவிப்பின் வழியே, மேற்கூறிய நிபந்தனைகளோடு, மீண்டும் அன்னத்திற்கே குத்தகைக்கு விடுவது அந்த உள்ளாட்சியின் முதற்கடமை. அவ்விடத்தின் மேல் பசித்தவருக்கு இருக்கும் உரிமை, அந்த உள்ளாட்சியின் உரிமைக்கும் மூத்தது.